அணு ஆயுதக் களைவுத் துறையில் வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு

"எந்தப் பட்டம் படித்தால் இந்தத் துறைக்கு வரலாம்?" என்று கேட்கும் மாணவர்களிடம், பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: "எந்த ஒரு கேள்வியை இருபது வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்?" பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேள்வி கிடைத்துவிட்டால் எதைப் படிக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அணு ஆயுதங்கள் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இயற்பியல் படித்த நான் ஆய்வகத்தை விட்டு ஒப்பந்தங்களின் பக்கம் வந்தது அதற்காகத்தான். ஆனால் அந்த விருப்பம் மட்டும் ஒருவரை நிபுணராக்காது. பேச்சுவார்த்தை அறையில் உங்களிடம் கேட்கப்படுவது வேறு மாதிரியான கேள்விகள். ஒரு நாடு "இதோ, ஒரு வார்ஹெட்டை (ஏவுகணையில் பொருத்தும் அணுகுண்டை) பிரித்துவிட்டோம்" என்கிறது. பெட்டிக்குள் இருந்தது உண்மையான வார்ஹெட்தானா என்பதை, அதன் வடிவமைப்பு ரகசியத்தைப் பார்க்காமல் எப்படி உறுதிசெய்வது? அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இருக்கும்போது அமைதிப் பயன்பாட்டுக்கென்று வாங்கிய கருவிகளை, ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிய நாடு என்ன செய்யலாம்? அணுகுண்டுச் சோதனையால் நோயுற்றவர்களுக்கு உதவ வேண்டிய கடமை யாருடையது? இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஒன்றை அடி முதல் நுனி வரை தெரிந்தவரைத்தான் தூதர்கள் தேடிவந்து கேட்பார்கள்.

இருபது வருஷம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1976-இல் ஜெனீவாவில் நிலநடுக்கவியலாளர்கள் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நிலத்தடியில் வெடிக்கும் அணுகுண்டை நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிய, உலகம் முழுவதும் எப்படிப்பட்ட கருவி வலை வேண்டும் என்று பார்ப்பது அவர்கள் வேலை. அரசியல் பேச்சு முன்னேறிய காலத்திலும் முடங்கிய காலத்திலும் அவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். 1984-இலும் 1991-இலும் 1995-இலும் உலகளாவிய ஒத்திகைகள் நடத்தினார்கள். 1994-இல் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை தொடங்கியபோது, கண்காணிப்பு சாத்தியமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை தயாராக இருந்தது. 1996 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்காகத் திட்டமிடப்பட்டவை 321 கண்காணிப்பு நிலையங்கள், 16 ஆய்வகங்கள். குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி செய்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்பதால் அது இன்னும் காத்திருக்கிறது. ஆனால் அந்தக் கருவி வலை காத்திருக்கவில்லை. 2006 முதல் 2017 வரை வட கொரியா நடத்திய ஆறு சோதனைகளையும் அது பதிவுசெய்தது.

இந்தத் தொழிலின் இயல்பு இதுதான். கதவு எப்போது திறக்கும் என்று உங்களால் தீர்மானிக்க முடியாது. திறக்கும் நாளில் கையில் வேலை முடிந்திருக்க வேண்டும். இப்போது உலகம் ஆயுதக் களைவுக்கு எதிர்த்திசையில் போகிறது, இந்த நேரத்தில் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இந்தக் கதையைத்தான்.

சரி, படிப்பு

இந்தத் துறைக்கு ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. ஜோசப் ராட்பிளாட் இயற்பியலாளர். அமெரிக்கா முதல் அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் இருந்தவர், 1944-இன் இறுதியில் அதை விட்டு வெளியேறினார். பிறகு அணு ஆயுத ஆபத்தைப் பற்றிப் பேச விஞ்ஞானிகள் கூடும் பக்வாஷ் மாநாடுகளைக் கட்டியெழுப்பி 1995-இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரோஸ் காட்டமோலர் ரஷ்ய மொழி படித்தவர். அவர்தான் அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்கள் அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைத்து 2010-இல் கையெழுத்திட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் அமெரிக்கத் தரப்பின் தலைமைப் பேச்சாளர். அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்கான மருத்துவர்களின் அமைப்பைத் தொடங்கியவர்களில் பெர்னார்ட் லவுன், எவ்கெனி சாசோவ் இருவரும் இதயநோய் மருத்துவர்கள். இலங்கையின் ஜெயந்த தனபால வெளியுறவுப் பணியிலிருந்து வந்தவர். 1995-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டித்த மாநாட்டுக்கு அவரே தலைவர்.

எனக்கு மிகவும் பிடித்தது ராண்டல் ஃபோர்ஸ்பெர்க்கின் பாதை. 1960-களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். மற்றவர்கள் எழுதிய ஆயுதக் கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தட்டச்சு செய்யச் செய்ய அவற்றுக்குள் ஆழமாகப் போனார். அங்கேயே ஆய்வாளரானார். அப்புறம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். 1980-இல் அவர் எழுதிய, அணு ஆயுதப் போட்டியை நிறுத்தக் கோரும் சில பக்க அறிக்கை அமெரிக்காவில் பெரிய மக்கள் இயக்கமானது. 1982 ஜூன் 12 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கூடியவர்கள் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர். அவருடைய அறிக்கையைப் படித்துப் பாருங்கள். ஆயுதங்களின் வகை, எண்ணிக்கை, எதை நிறுத்தினால் என்ன நின்றுபோகும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் எழுதியது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

எந்த வாசல் வழியாக வந்தாலும் அடுத்த வாசல்காரர்களின் அடிப்படைகளை நீங்கள் கற்றே ஆக வேண்டும். சட்டமோ சர்வதேச உறவுகளோ படித்தவர்கள் யுரேனியம் செறிவூட்டலை ஒரு மாலை உட்கார்ந்து புரிந்துகொள்ளுங்கள். நான் சொல்லித்தரும் விதம் இது. இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்தால் ஏழு மட்டும்தான் எளிதில் பிளந்து ஆற்றல் தரும் யுரேனியம்-235. மீதியெல்லாம் யுரேனியம்-238. மின் உலைக்குத் தேவையான 4 சதவீதத்துக்குப் போக, ஏழையும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் சுமார் 825-ஐ வெளியே தள்ள வேண்டும், 175 மிஞ்சும். அங்கிருந்து 20 சதவீதத்துக்குப் போக இன்னும் 140-ஐத் தள்ளினால் போதும், 35 மிஞ்சும். அந்த 35-லிருந்து இன்னும் 27-ஐத் தள்ளினால் எட்டில் ஏழு யுரேனியம்-235, அதாவது கிட்டத்தட்ட ஆயுதத் தரம். உண்மையான ஆலையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் வேலையின் பெரும்பகுதி முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும். ஈரானுடன் 2015-இல் செய்த உடன்பாட்டில் 3.67 சதவீதம் என்ற உச்ச வரம்பும், 300 கிலோ என்ற கையிருப்பு வரம்பும் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசப்பட்டன என்பது இந்தக் கணக்குத் தெரிந்தால்தான் விளங்கும். கூடவே இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 8 கிலோ புளூட்டோனியம், அல்லது உயர்செறிவு யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235. சர்வதேச அணுசக்தி முகமை ஒரு குண்டுக்குப் போதுமானதாகக் கருதிக் கண்காணிக்கும் அளவுகள் இவை.

அறிவியல் படித்தவர்கள் ஒப்பந்தங்களைப் படிக்கப் பழக வேண்டும். முன்னுரையில் தேங்கி நிற்காதீர்கள். வரையறை, எண்ணும் விதி, விலகும் விதி, நெறிமுறை, பின்னிணைப்பு ஆகியவற்றில்தான் விஷயம் இருக்கிறது. நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் வரம்பு 1,550 வார்ஹெட் என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணும் விதியைப் படித்தவருக்குத்தான் ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானம் எத்தனை குண்டுகளைச் சுமக்கும் திறன் உள்ளதானாலும் ஒரே ஒரு வார்ஹெட்டாகக் கணக்கிடப்பட்டது என்பது தெரியும். அதேபோல, பரவல் தடை ஒப்பந்தத்தின் பத்தாவது விதி மூன்று மாத முன்னறிவிப்போடு விலக அனுமதிக்கிறது. 2003 ஜனவரியில் வட கொரியா விலகுவதாக அறிவித்த பிறகு எழுந்த சட்டச் சிக்கல்கள் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. நல்ல ஆய்வுக் கேள்வி தேடுகிறவர்கள் அங்கே தோண்டலாம்.

ஆவணம் படிக்கும் பழக்கம்

இதில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். இந்தத் துறையில் யார் நிலைக்கிறார்கள், யார் இரண்டு வருஷத்தில் வேறு பக்கம் போகிறார்கள் என்பதை நான் பெரும்பாலும் இதை வைத்துத்தான் கணிக்கிறேன்.

ஒரு கடமையை எடுத்துக்கொண்டு காலவரிசையில் பின்தொடருங்கள். பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாவது விதி நல்ல தொடக்கம். ஆயுதக் களைவுக்காக நேர்மையோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்கிறது அது. 1970-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1996 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தையைத் தொடங்குவது மட்டுமல்லாமல் முடிவுக்குக் கொண்டுவருவதும் கடமை என்று நீதிபதிகள் அனைவரின் ஒருமனதான கருத்தாகச் சொன்னது. 2000-இல் நடந்த, அந்த ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாட்டில் 13 செயல்முறைப் படிகள் ஏற்கப்பட்டன. தங்கள் ஆயுதக் கிடங்குகளை முற்றிலும் ஒழிப்போம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் அணு ஆயுத நாடுகள் தந்த உறுதி அதில் இருக்கிறது. 2010 மாநாடு 64 செயல்களைப் பட்டியலிட்டது. 2015-இல் மத்திய கிழக்கை அணு ஆயுதமற்ற பகுதியாக்குவது பற்றிய கருத்து வேறுபாட்டாலும், 2022-இல் உக்ரைனின் ஸபோரிஷியா அணுமின் நிலையம் பற்றிய வாசகங்களை ரஷ்யா ஏற்காததாலும் இறுதி ஆவணம் நிறைவேறவில்லை. இந்த ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு வாக்கியம் எப்படிப் பலம் பெற்றது, எங்கே பலம் இழந்தது, யார் இழுத்தார்கள், யார் தடுத்தார்கள் என்பது புலப்படும்.

அடுத்தது வாக்குகள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் நியூயார்க்கில் ஆயுதக் களைவைப் பார்க்கும் ஐ.நா. பொதுச்சபையின் முதலாவது குழு கூடும். மேடைப் பேச்சில் எல்லா நாடுகளும் அணு ஆயுதமற்ற உலகைப் புகழும். தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வரும்போது, ஏன் இப்படி வாக்களித்தோம் என்று சுருக்கமாக விளக்கம் தருவார்கள். அந்த விளக்கங்களைப் படியுங்கள். ஒரு நாட்டின் உண்மையான நிலைப்பாடு அங்கேதான் இருக்கும். நான் ஒரு நோட்டில் நாடு, ஆண்டு, பேச்சில் சொன்னது, வாக்கில் செய்தது என்று நான்கு நெடுவரிசை போட்டு எழுதத் தொடங்கினேன். இன்றும் எனக்கு மிகவும் பயன்படும் கருவி அதுதான். பெண்கள் சர்வதேச அமைதிக் கழகத்தின் ரீச்சிங் கிரிட்டிகல் வில் திட்டம் இந்த உரைகளையும் பணி அறிக்கைகளையும் இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லாத மிகச் சிறந்த பள்ளி என்று அதைச் சொல்வேன்.

வேலை எங்கே கிடைக்கும்

அரசுகளுக்கு இடையிலான அமைப்புகளில் முக்கியமானவை: நியூயார்க், ஜெனீவா, வியன்னாவில் இயங்கும் ஐ.நா. ஆயுதக் களைவு அலுவலகம், ஜெனீவாவில் 1980-இல் தொடங்கிய, ஐ.நா.வின் ஆயுதக் களைவு ஆய்வு நிறுவனமான யுனிடிர், வியன்னாவில் உள்ள அணுசக்தி முகமை, அதே ஊரில் சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பு. இயற்பியல், வேதியியல், பொறியியல் படித்தவர்களுக்கு முகமையின் ஆய்வாளர் பணி உண்டு. முத்திரைகளைச் சரிபார்ப்பது, அணுப்பொருளை எண்ணி எடை போட்டுக் கணக்கோடு ஒப்பிடுவது, பருத்தித் துணியால் பரப்புகளைத் துடைத்து மாதிரி எடுப்பது என்று பொறுமையான, உடலை வருத்தும் பயண வேலை அது. நேரடியாக அணுப்பொருள் பக்கத்தில் நிற்கும் அனுபவம் கொண்ட ஒருவரின் சொல்லுக்கு எந்தக் கூட்டத்திலும் தனி எடை உண்டு. அணுசக்தி தொடர்பான முதுகலை படிக்கும் பெண்களுக்கு முகமை 2020 முதல் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி பெயரில் உதவித்தொகை தருகிறது. தகுதி இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

ஐ.நா. செயலகத்தின் இளம் தொழில்முறையாளர் தேர்வுக்கு வயது வரம்பு 32. உங்கள் நாடு அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இளநிலை அலுவலர் பணிகள் பெரும்பாலும் நன்கொடை தரும் அரசுகளின் செலவில் நடப்பவை. அவற்றுக்கும் குடியுரிமை முக்கியம். வெளியுறவுத் துறையில் சேர்ந்தவர்களுக்கு ஐ.நா. ஆயுதக் களைவு ஃபெல்லோஷிப் உண்டு. ஆயுதக் களைவுக்காக 1978-இல் நடந்த ஐ.நா. பொதுச்சபையின் முதல் சிறப்பு அமர்வில் உருவானது அது. அரசு பரிந்துரைக்க வேண்டும் என்பதால், உங்கள் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஐ.நா. செயலகத்தின் உள்ளகப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை. இது அநியாயம் என்று நான் எல்லா இடத்திலும் சொல்லிவருகிறேன். வியன்னாவிலும் ஜெனீவாவிலும் மாதக்கணக்கில் சொந்தச் செலவில் தங்க முடிந்தவர்களுக்கே வாசல் திறக்கிறது. சோதனைகளால் பாதிக்கப்பட்ட பசிபிக் தீவுகளிலிருந்தும் கஜகஸ்தான் புல்வெளிகளிலிருந்தும் வரும் இளைஞர்களுக்கு அது மூடியே கிடக்கிறது. பணம் இல்லையென்றால் கடன் வாங்கிப் போக வேண்டாம். மாநாடுகளைக் கண்காணித்து வெளியாகும் அறிக்கைகளுக்குத் தொலைவிலிருந்தே எழுதலாம், ஆய்வு நிறுவனங்களின் ஊதியத்தோடு கூடிய உதவியாளர் பணிகளைத் தேடலாம். பெயர் தெரிவதற்கு நல்ல எழுத்து போதும்.

யாருக்கும் கிடைக்கும் தகவல்களை வைத்துச் செய்யும் திறந்த மூலத் தகவல் ஆய்வு இன்னொரு வழி. 2021-இல் சீனாவின் யூமென் அருகே சுமார் 120 ஏவுகணைக் குழிகள் கட்டப்படுவதை, காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய செயற்கைக்கோள் படங்களிலிருந்து வெளியாட்கள் கண்டுபிடித்தார்கள். இதில் இறங்குகிறவர்களுக்கு என் கண்டிப்பான அறிவுரை: படம் காட்டுவதை மட்டும் எழுதுங்கள், நோக்கத்தை ஊகிக்காதீர்கள். குழி இருக்கிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு குழியிலும் ஏவுகணை இருக்கிறது என்று சொல்ல அந்தப் படம் போதாது. இந்தத் துறையில் அவசர ஊகம் இன்னொரு நாட்டின் ராணுவ வரவுசெலவுக்குச் சாட்சியமாகிவிடும்.

அரசு ஆயுத ஆய்வகத்தில் சேரும் வாய்ப்பு வந்தால் நிதானமாக யோசியுங்கள். ரகசிய அனுமதி பெற்ற பிறகு உங்களுக்கு நிறையத் தெரியும், ஆனால் அதில் பெரும்பகுதியைப் பேச முடியாது. உள்ளே இருந்து சரிபார்ப்புக் கருவிகளை உருவாக்கும் நேர்மையானவர்களை எனக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பது வார்ஹெட்தானா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989 ஜூலையில் கருங்கடலில், ஸ்லாவா என்ற சோவியத் போர்க்கப்பலில் அமெரிக்க, சோவியத் விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு ஏவுகணையின் வார்ஹெட்டைக் காமா கதிர் கருவியால் அளந்தார்கள். குண்டு இருப்பது தெரிந்தது. ஆனால் அளவீடு நுணுக்கமாகப் போனால் குண்டின் வடிவமைப்பையும் காட்டிக்கொடுத்துவிடும். விவரத்தை மறைத்து "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் சொல்லும் கருவியை இரு தரப்பும் எப்படி நம்புவது என்று 2007 முதல் பிரிட்டனும் நார்வேயும் சேர்ந்து ஆராய்ந்தன. ஒன்று ஆயுதம் உள்ள நாடு, மற்றது இல்லாத நாடு என்பதுதான் அந்த முயற்சியின் சிறப்பு. இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் ஆட்கள் தேவை. நான் வெளியே இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்ததை யாரிடமும் விளக்கும் சுதந்திரம் எனக்கு முக்கியம்.

அறைக்குள் நடந்துகொள்வது

ஜெனீவாவின் ஆயுதக் களைவு மாநாட்டில் 65 நாடுகள் உறுப்பினர்கள். எல்லாம் ஒருமித்த முடிவாக இருக்க வேண்டும். 1996-க்குப் பிறகு அங்கிருந்து எந்த ஒப்பந்தமும் பிறக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பது இளைஞர்களைச் சோர்வடையச் செய்யும். நான் அந்த நேரத்தில் செய்யச் சொல்வது, சிறிய நாடுகளின் தூதுக் குழுக்களோடு பழகுவது. ஓரிரு அதிகாரிகள் மனித உரிமை, வர்த்தகம், சுகாதாரம், ஆயுதக் களைவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் விவாதத்துக்கு வரும் பத்தியைப் பற்றி ஒரே ஒரு பக்கக் குறிப்பு முந்தின நாள் கையில் கிடைத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. என்ன பிரச்சினை, முன்பு என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது, இப்போது எந்த வாசகம் பொருந்தும், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். பெயரடைகளை வெட்டிவிடுங்கள்.

அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் இப்படிப்பட்ட உழைப்பின் மேல்தான் வளர்ந்தது. 2013-இல் ஆஸ்லோ, 2014-இல் நயாரிட், வியன்னா என மூன்று மாநாடுகளில், ஒரு குண்டு வெடித்தால் மருத்துவமனைகளுக்கும் பயிருக்கும் என்ன ஆகும் என்று மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் சான்று வைத்தார்கள். 2017 ஜூலை 7 அன்று, கோஸ்ட்டா ரிக்காவின் எலெய்ன் வைட் கோமெஸ் தலைமையில், 122 நாடுகள் ஆதரித்து அந்த ஒப்பந்தம் நிறைவேறியது. அணு ஆயுத நாடுகள் எதுவும் அதில் சேரவில்லை என்பதால் அது வீண் என்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதையும் நிலத்தைச் சீர்செய்வதையும் அதன் ஆறாவது, ஏழாவது விதிகள் கடமையாக்கியிருக்கின்றன. முன்பு எந்த அணு ஆயுத ஒப்பந்தமும் அதைச் செய்யவில்லை.

அந்த மக்களைப் பற்றி ஒன்று. மார்ஷல் தீவுகளில் 67 சோதனைகள், கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க்கில் 456 சோதனைகள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களின் நிஹோன் ஹிடாங்க்யோ அமைப்புக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. குண்டின் வெடிப்பாற்றலை அளக்கும் கிலோடன் கணக்குகளை எழுதத் தொடங்குவதற்கு முன்னால் இவர்களின் பதிவான சாட்சியங்களைக் கேளுங்கள். உங்கள் கட்டுரைக்காக அவர்கள் தங்கள் வேதனையை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேரில் பேசினால் அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், எழுதியதை வெளியிடும் முன் காட்டுங்கள்.

அணு ஆயுத அச்சுறுத்தல்தான் பெரும் போரைத் தடுக்கிறது என்று நம்புகிறவர்களோடும் பேசிப் பழகுங்கள். அவர்கள் வாதத்தை, அவர்களே ஒப்புக்கொள்ளும்படி, ஒரு பக்கத்தில் எழுதிக் காட்ட முடிய வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் வைக்கும் மறுப்புக்குத்தான் பலம் இருக்கும்.

பணம்

ஒப்பந்தப் பணிகள் குறுகியவை, நிதி நிச்சயமில்லாதது. இந்தத் துறைக்கு மிகப் பெரிய நன்கொடையாளர்களில் ஒன்றான மெக்கார்தர் அறக்கட்டளை 2021-இல் விலகப்போவதாக அறிவித்தபோது பல நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. ஆகவே இரண்டாவது திறன் ஒன்று கையில் இருக்கட்டும்: கதிர்வீச்சுப் பாதுகாப்பு, தரவுப் பகுப்பாய்வு, மொழிபெயர்ப்பு, கற்பித்தல், எதுவானாலும் சரி. ரஷ்யனோ சீனமோ படிக்கத் தெரிந்தால் வேலையும் எளிதில் கிடைக்கும், ஆய்வும் ஆழமாகும்.

சோர்வு வரும் நாளில் நான் எண்களைப் பார்ப்பேன். 1980-களின் நடுவில் உலகில் சுமார் 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. இன்று சுமார் 12,000. தென்னாப்பிரிக்கா தானே செய்து வைத்திருந்த ஆறு குண்டுகளையும் பிரித்துவிட்டு 1991-இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன் கணக்குகளை முகமை ஆய்வாளர்கள் பதிவேடு பதிவேடாகச் சரிபார்த்தார்கள். இதெல்லாம் பெயர் தெரியாத நிறையப் பேரின் அன்றாட வேலை.

முதல் விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்பார்கள். கல்லூரிக் கட்டுரையை அனுப்பாதீர்கள். மறுஆய்வு மாநாட்டு ஆவணம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வந்தது, எந்தெந்த நாடுகள் அதற்குப் பிறகு என்ன செய்தன, எதைச் செய்யவில்லை, அடுத்த மாநாட்டில் எந்த வாசகத்தை முன்வைக்கலாம் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, ஆவண எண்களோடு அனுப்புங்கள். எழுதி முடித்ததும் இயற்பியல் தெரிந்த ஒருவரிடமும் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் காட்டித் திருத்தி வாங்குங்கள். நான் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது முதலில் திறப்பது அந்த இரண்டு பக்கத்தைத்தான். மதிப்பெண் பட்டியலை அப்புறம்தான் பார்ப்பேன்.